எண் எழுபத்து மூன்று

அலைவாய்க்கரை அரசு மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்துக்கு நோயாளிகள் யாரும் வருவதில்லை. பிணவறைக்கும் சலவை அறைக்கும் நடுவே, எந்த அம்புக்குறியும் காட்டாத மூலையில் அது இருந்தது. பிரகாசி அங்கே வேலைக்குச் சேர்ந்து இருபத்தேழு வருஷம். அத்தனை வருஷத்தில் அவள் ஜன்னலை எட்டிப் பார்த்த வெளியாட்கள் எல்லாருமே கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்கள்தாம்.

அதனால், அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒருவன் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கழிப்பறை அந்தப் பக்கம்."

"அதுக்கு வரல. யக்கா, பிரகாசிங்கிறது நீங்கதானா? என் சதைத் துண்டை வெட்டுனது நீங்கதான்னு ஆபரேஷன் தியேட்டர்ல சொன்னாவ."

முப்பது வயதுக்குள் இருக்கும். பேர் இசக்கிராஜ். துறைமுகத்தில் படகு பேட்டரிகளைப் பழுது பார்ப்பவன் என்று விரல்களில் இருந்த அமிலத் தழும்புகளே சொல்லின. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். பேர், வயது, அட்டை எண், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 73.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாவட்ட மருத்துவமனைகளுக்கெல்லாம் 'முன்னறிவான்' என்ற இயந்திரத்தை அனுப்பினார்கள். கடுகளவு திசுவைக் காட்டினால் போதும், இன்னும் பதினைந்து வருஷத்தில் அது புற்றாக மாறுமா மாறாதா என்று எண் போட்டுச் சொல்லிவிடும். ஊர்க்காரர்கள் அதற்குச் சோசியக்காரன் என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்ததில் ஒரு தப்பும் இல்லை, ஒரு வித்தியாசத்தைத் தவிர. சோசியக்காரன் நாலு பரிகாரமாவது சொல்லுவான். இதற்குத் தெரிந்த ஒரே பரிகாரம் கத்தி.

பிறந்தபோது ஆண் விதை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டவர்கள் எல்லாரும் கட்டாயம் துண்டு கொடுத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். எண் அறுபதைத் தாண்டினால் இருபத்தொரு நாளில் அந்த விதையை எடுத்துவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் சட்டம் மிகுந்த மரியாதையோடு கொடுத்திருந்தது. சொல்லிய மறுநாளே உடல்நல அட்டை பூட்டப்படும், அவ்வளவுதான். அட்டை இல்லாமல் துறைமுகக் கதவு திறக்காது, பள்ளிக்கூடக் கதவு திறக்காது, வங்கிக் கதவும் திறக்காது.

"உனக்கு ரெண்டும் இறங்கலியா?" என்று கேட்டாள் பிரகாசி.

"ரெண்டுந்தான். பதினோரு வயசுலதான் ஆபரேஷன் பண்ணுனாவ. ஒண்ணு உள்ளயே சூம்பிப் போயிருந்துச்சுன்னு எடுத்துப் போட்டுட்டாவ. மத்ததைக் கீழ இறக்கி வச்சாவ. இப்ப இருக்கது அது ஒண்ணுதான்."

"பதினொண்ணா? ஒரு வயசுலயே இறக்கியிருக்கணும்லா?"

"எங்கம்மா மூடி வச்சுட்டா யக்கா. ஆம்பளப் பிள்ளைக்கு இப்படின்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு பயம். பொண்ணு குடுத்துட்டாவ. எட்டு மாசம் ஆச்சு. அவளும் நானும் பிள்ளை வேணும்னு இருக்கோம். இப்பப் போயி இதையும் எடுங்கிறாவ." அவன் கம்பியை விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "உள்ள இருந்தா என்ன ஆகும்? அதை மட்டும் சொல்லுங்க. ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ."

பிரகாசி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "உடம்புக்குள்ள சூடு சாஸ்தி. விதைக்கு அந்தச் சூடு ஆகாது, அதனாலதான் வெளிய இருக்கு. உள்ளயே வருஷக்கணக்கா கிடந்தா, பிறக்கும்போது இருந்த பிள்ளைச் செல்லு வளராம அப்படியே நின்னுரும். பாதி செத்துரும். சுத்திலும் தழும்பு மாதிரி கெட்டியாயிரும். வளராம நின்ன செல்லு பின்னால கோளாறு பண்ணலாம். எல்லாருக்கும் பண்ணாது. மத்தவங்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூட. லேட்டா இறக்குனவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. அம்புட்டுதான்."

"உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சுது?"

"எதுல?"

"என் துண்டுல."

"நான் பாக்கல. மெழுகுல பதிச்சு, சீவி, சாயம் போட்டு, கண்ணாடித் தகட்டுல ஏத்திக் குடுப்பேன். படிக்கது மெஷினு."

"அப்ப டாக்டர்?"

"டாக்டர் கையெழுத்துப் போடுவாரு."

அவன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு ரொம்ப நிதானமாகக் கேட்டான்: "ஒரு பேட்டரி செத்துப்போச்சுன்னு மெஷினு காட்டுனாக்கூட நான் மூடியைத் தெறந்து ஒரு தடவை பாப்பேன் யக்கா. என்னைய அறுக்கதுக்கு முன்னால ஒரு மனுஷக் கண்ணுகூடப் பாக்காதா?"

பிரகாசிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன் மேல் வந்த கோபமா, தன் மேல் வந்த கோபமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அப்போது தெம்பில்லை. "நாளைக்கு வா" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

நுண்ணோக்கி அலமாரிக்குப் பின்னால் இருந்தது. மூன்று வருஷமாகச் சாப்பாட்டுப் பையை மாட்டத்தான் அது பயன்பட்டு வந்தது. பையை எடுத்து வைத்து, தூசி தட்டி, 73-ஆம் எண் வாங்கிய தகட்டை அதில் வைத்தாள்.

பார்த்ததும் கண்ணை எடுத்து, லென்ஸைத் துடைத்து, மறுபடி பார்த்தாள். நோய் எதுவும் தெரிந்ததால் அல்ல. எதுவுமே தெரியவில்லை. குழாய் குழாயாக வட்டம் கட்டி நிற்க வேண்டிய செல்கள் சுவரை விட்டுக் கழன்று நடுவில் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் சுருங்கி, உட்கரு கறுத்து, சுற்றிலும் ஒரு வெள்ளை வளையம். வெளிறிய உடலும் கறுத்த பெரிய உட்கருவும்தான் விதைப் புற்றுக்கு முந்தைய செல்லின் அடையாளம் என்று பாடப் புத்தகமே சொல்லும். ஆனால் ஆரோக்கியமான செல்லை ஃபார்மலினில் ஊறப் போட்டாலும் ஏறக்குறைய இதே வேஷம்தான் போடும்.

படிக்கிற காலத்தில் முதல் வாரத்திலேயே மண்டையில் ஏற்றிய விஷயம் அது. எந்த உறுப்பை வேண்டுமானாலும் ஃபார்மலினில் போடலாம், விதையை மட்டும் போடக்கூடாது. அதற்கென்று மஞ்சள் கரைசல் ஒன்று உண்டு. அதில் போட்டால்தான் செல்கள் சுருங்காமல் இருந்த இடத்தில் இருக்கும். ஆனால் அந்தக் கரைசலில் சேர்க்கிற அமிலம் காய்ந்து போனால் வெடிக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன் எங்கோ ஓர் ஊரில் அலமாரி ஒன்று எரிந்து, மாவட்ட மருத்துவமனைகள் மஞ்சள் கரைசலை வைத்திருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அன்றிலிருந்து எல்லாமே ஃபார்மலின்தான். தலைநகர ஆராய்ச்சி நிலையத்துக்கு மட்டும் விலக்கு. முன்னறிவான் படித்ததெல்லாம் அந்த நிலையத்தின் தகடுகளை. மஞ்சளில் ஊறியவற்றை மட்டுமே பார்த்து வளர்ந்த இயந்திரம் அது.

இயந்திரத்துக்கு அனுப்பும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'திசு பதப்படுத்தப்பட்டதா? ஆம், இல்லை.' எதில் பதப்படுத்தினீர்கள் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று படிவம் தயாரித்தவனுக்குத் தோன்றவில்லை. அவன் தலைநகரத்துக்காரன். அங்கே அது கேள்வியே இல்லை.

அறுபதைத் தாண்டிய நாற்பத்தொரு பேருக்கும் 'ஆம்' என்று அழுத்தியவள் பிரகாசி. அவர்களில் முப்பத்து மூன்று பேருக்கு அறுவை முடிந்துவிட்டது. சிலருக்கு ஒன்று போயிருந்தது, சிலருக்கு இரண்டும்.

துறைத் தலைவர் டாக்டர் நவநீதன் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார், யாருக்காகவும் பேசவும் மாட்டார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நிரூபணம் இருக்கா?"

"நீங்களே வந்து பாருங்க சார்."

"நான் பார்த்து என்ன சொல்றது? மெஷின் லட்சம் தகடு பார்த்திருக்கு. நான் மூணு வருஷமா ஒண்ணுகூடப் பார்க்கல." அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. "அப்படியே நீங்க சொல்றது நிஜம்னு வைங்க. அந்த முப்பத்திமூணு பேர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க? போனது திரும்பி வருமா? சொல்லாம இருக்கிறது அவங்களுக்கும் நல்லது இல்லையா?"

"அது நல்லதா இல்லையான்னு அவங்கதானே சார் சொல்லணும்?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிரகாசி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பேருந்து ஏறிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனாள். பொலிகாளைகளின் விதையைச் சோதிக்க அங்கே இன்னமும் மஞ்சள் கரைசல்தான். காளைகளுக்கு முன்னறிவான் கிடையாது, சுற்றறிக்கையும் கிடையாது. அங்கிருந்த உதவியாளர் ஒரு ஜாடி நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டு, "மூடியை ஈரமா வச்சுக்கோங்கம்மா" என்று மட்டும் சொன்னார். காளைக்குக் கிடைக்கிற மரியாதை மனுஷனுக்குக் கிடைக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே மடியில் ஜாடியோடு திரும்பினாள்.

திங்கட்கிழமை ஒரு விதை வந்தது. முந்தைய வாரம் 71 என்று எண் வாங்கிய ஒருவருடையது. அறுத்தாகிவிட்டது, அவர் முப்பத்து நான்காவது ஆள், இனி அதைத் தடுக்க வழியில்லை. பிரகாசி அதில் ஒரே இடத்திலிருந்து இரண்டு துண்டு எடுத்தாள். ஒன்றை ஃபார்மலினில் போட்டாள், மற்றதை மஞ்சளில். ஒரே சாயம், ஒரே தடிமன், ஒரே நாள். இரண்டு தகடுகளையும் வெவ்வேறு எண்ணில் இயந்திரத்துக்குள் அனுப்பினாள்.

ஃபார்மலின் துண்டுக்கு 70 வந்தது. மஞ்சள் துண்டுக்கு வந்த எண் 8.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். யாரும் எட்டிப் பார்க்காத அறை என்பதால் வாய்விட்டே அழுதாள். அந்த விதை சுத்தமாக இருந்தது. ஒரு குறையும் இல்லாமல் அது இப்போது அவள் மேஜை மேல் கிடந்தது.

அழுது முடித்த பிறகு பென்சிலைச் சீவினாள்.

திசுக்கூடத்தில் தகட்டின் ஓரத்தில் பென்சிலால்தான் எழுதுவார்கள். பேனா மை கரைசலில் கரைந்து ஓடிவிடும், பென்சில் நிற்கும். தகட்டின் அதே ஓரத்தில்தான் இயந்திரம் படிக்கும் கட்டக் குறியீடும் ஒட்டியிருக்கும். அதன் குறுக்கே கோடு விழுந்தால் முன்னறிவான் தகட்டைத் துப்பிவிடும். பிரகாசி அன்று வந்த ஒவ்வொரு விதைத் தகட்டின் குறியீட்டின் மேலும் பட்டையாக எழுதினாள்: 'ஃபார்மலின். படிக்க உதவாது.' இயந்திரம் ஒவ்வொன்றாகத் துப்பியது. எண் வரவில்லை. எண் வராததால் கத்தியும் வரவில்லை.

மற்ற மாவட்டக் கூடங்களிலும் அவளோடு படித்தவர்கள் இருந்தார்கள். இரண்டு துண்டின் படத்தையும் இரண்டு எண்ணையும் அவர்களுக்கு அனுப்பி, ஒரே ஒரு வரி எழுதினாள்: 'உங்கள் ஜாடியில் என்ன இருக்கிறது?' படித்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நான்கு நாளில் பதினோரு மாவட்டங்களில் இயந்திரம் தகட்டைத் துப்ப ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள் பிரகாசியைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. பென்சில் கோட்டைத்தான் சொன்னார்கள்.

பிரகாசி விஷயத்தைச் சொல்லிவிட்டதால் இசக்கிராஜும் அறுவைக்குப் போகவில்லை. இருபத்திரண்டாம் நாள் அவன் அட்டை பூட்டிக்கொண்டது. துறைமுகக் கதவு அவனை அடையாளம் தெரியாதவனைப் போலப் பார்த்தது. அவன் பேருந்து நிலையத்துக்கு எதிரே சாக்கை விரித்து ஆட்டோ பேட்டரிகளைப் பழுது பார்க்க உட்கார்ந்தான். அவன் மனைவி சுகந்தி மதியச் சாப்பாட்டோடு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். கேட்டவர்களுக்கெல்லாம் காரணத்தை அவளே சொன்னாள். கூச்சமே படவில்லை.

"எம்புருஷனுக்கு இருக்கது ஒண்ணு. அதைப் பாக்காமலே அறுப்பேங்காவ. பாத்துட்டுச் சொல்லுங்கன்னோம். அதுக்குத்தான் இந்தத் தண்டனை" என்பாள். கேட்ட ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கள் சீட்டை வீட்டில் மறைத்து வைத்திருந்தார்களோ, யாருக்குத் தெரியும்.

இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது, ஆனால் இறங்கியது தெரியாத மாதிரி. 'தொழில்நுட்ப மேம்பாடு' என்று பேர் சூட்டி, காத்திருப்பவர்களுக்கு மட்டும் மஞ்சள் கரைசலில் மறுபரிசோதனை என்று உத்தரவு போட்டார்கள். பிரகாசியையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், பொது இடத்தில் வாய் திறந்தால் நிரந்தரமாக வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு. முடிந்துபோன முப்பத்து நான்கு பேரைப் பற்றி உத்தரவில் ஒரு சொல்கூட இல்லை.

அலைவாய்க்கரையில் எண் வாங்கியும் அறுவைக்குப் போகாமல் காத்திருந்தவர்கள், இசக்கிராஜோடு சேர்த்து, ஏழு பேர். அறுவை மருத்துவர் ஹெப்சிபா ஏழு பேரிடமும் மறுபடி கடுகளவு எடுத்துக் கொடுத்தார். பிரகாசி தன் கையாலேயே மஞ்சளில் போட்டாள். ஆறு பேருக்கு எண் பதினைந்துக்குக் கீழே வந்தது.

இசக்கிராஜுக்கு வந்த எண் 84.

அவள் நம்பவில்லை. தகட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். இந்த முறை எல்லாமே துல்லியமாகத் தெரிந்தது. குழாய்ச் சுவரை ஒட்டி வரிசையாக, வெளிறிய உடலும் பெரிய உட்கருவுமாக, சுருங்காமல், கழலாமல், தங்கள் சொந்த உருவத்தில் அந்தச் செல்கள் உட்கார்ந்திருந்தன. நவநீதனைக் கூப்பிட்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நிஜம்தான் பிரகாசி. புற்றுக்கு முந்தின கட்டம். விட்டா சில வருஷத்துல புற்றாயிடும்."

அவனிடம் சொல்ல, அவன் சாக்கு விரித்திருந்த இடத்துக்கு அவளே போனாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"இருக்கா?"

"இருக்கு தம்பி. எல்லாரும் பாத்தோம்."

சுகந்தி அவன் தோளைப் பற்றிக்கொண்டாள். அவன் எதிரே நின்ற பேருந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தை முழங்கையால் துடைத்தான்.

"அப்ப மொதல்லயே அறுத்திருந்தா என்ன வித்தியாசம்னு கேப்பாவ. என்ன சொல்ல?"

"வித்தியாசம் இருக்கு" என்றாள் பிரகாசி. "இப்ப ஹெப்சிபா டாக்டர் எட்டு நாள் பொறுக்கச் சொல்லுதாவ. உன் விந்தை எடுத்து உறைய வச்சு, பத்திரப்படுத்திட்டு அப்புறம் ஆபரேஷன். நீங்க ரெண்டு பேரும் நினைச்சா பிள்ளை பெத்துக்கலாம். இருபத்தொரு நாள் கெடு வச்ச சட்டத்துல அதுக்கு இடமே இல்ல. அந்த முப்பத்தினாலு பேர்ல ஒருத்தருக்கும் அதைக் குடுக்கல."

அந்த எட்டு நாளும் வீணாகவில்லை. ஆய்வகத்தில் மூன்று குப்பிகள் உறைந்தன. ஆனால் அதற்குள் செய்தி தலைநகரத்துக்குப் போய்விட்டது. இணை இயக்குநர் குலசேகரன் கார் போட்டுக்கொண்டு வந்தார். இசக்கிராஜின் இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முன்னறிவான் முதலிலேயே சரியாகச் சொல்லியிருக்கிறது! எதிர்த்தவனுக்கே நோய்! இதைவிட நல்ல விளம்பரம் எங்கே கிடைக்கும்? மருத்துவமனை அரங்கில் பத்திரிகையாளர் கூட்டம், உள்ளூர்த் தொலைக்காட்சியில் நேரலை. தம்பி இரண்டே வார்த்தை நன்றி சொன்னால் போதும், தலைநகரத்தில் உயர்ந்த சிகிச்சை, சுகந்திக்கு மருத்துவமனையிலேயே வேலை.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலையில் நவநீதன் திசுக்கூடத்துக்கு வந்தார். மடித்த ஒரு தாளை மேஜையில் வைத்தார்.

"எடுத்த உறுப்போட மெழுகுக் கட்டி எல்லாம் அலமாரியில இருக்குல்ல. பழைய பழுப்புச் சாயம் ஒரு குப்பி வெளிய வாங்கிட்டு வந்தேன். நோய்ச் செல் இருந்தா அதை மட்டும் பழுப்பாக் காட்டும், எந்த ஜாடியில ஊறினாலும் ஏமாறாது. மெஷின் வந்தப்புறம் வாங்குறதையே நிறுத்திட்டாங்க. முப்பத்தினாலையும் நானே சாயம் போட்டு, நானே பார்த்தேன். ரெண்டு பேருக்கு நோய் இருந்தது. முப்பத்திரண்டு பேருக்கு ஒண்ணுமில்லை." அவர் தரையைப் பார்த்தார். "பேர் எழுதல. ஆபரேஷன் தேதி மட்டும்தான். அவங்கவங்க தேதி அவங்கவங்களுக்குத் தெரியும். எனக்கு இதைப் படிக்கத் தைரியம் இல்லை பிரகாசி. பார்க்கத்தான் தைரியம் வந்தது."

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. குலசேகரன் அழகாகப் பேசினார். பிறகு இசக்கிராஜைக் கூப்பிட்டு ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார். அவன் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினான்.

"எனக்கு விதை இறங்காமப் பிறந்துச்சு. எங்கம்மா மறைச்சா. நான் மறைக்கல. எனக்கு நோய் இருக்கு, நாளைக்கு ஆபரேஷன். கையெழுத்து நான் போட்டிருக்கேன், என் கண்ணால தகட்டைப் பாத்துட்டுப் போட்டிருக்கேன். மெஷினு மொதல்ல எழுபத்திமூணுன்னு சொல்லுச்சு. சரிதானேங்காவ. சரி இல்ல. அந்தத் துண்டுல யாராலயும் ஒண்ணும் பாக்க முடியாது. பாக்க முடியாததைப் பாத்தேன்னு சொன்னா அது பொய்தான், தற்செயலா பலிச்சாலும் பொய்தான். அதே பொய்யச் சொல்லி முப்பத்தினாலு பேரை அறுத்திருக்காவ. என் நோயைக் காட்டி அவுகளை மறைக்கப் பாக்காவ. என் உடம்பு அதுக்குத் திரை கிடையாது."

ஒலிவாங்கி செத்துப்போனது. கடல் காற்றில் கத்திப் பழகிய தொண்டை அவனுடையது, ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டது. "அவுகளுக்குச் சொல்லுங்க! முப்பத்தினாலு பேருக்கும் சொல்லுங்க!"

பிரகாசி மூன்றாவது வரிசையில் இருந்தாள். எழுதிக் கொடுத்த உறுதிமொழி நினைவுக்கு வந்தது. இன்னும் ஆறு வருஷ வேலை நினைவுக்கு வந்தது. இருந்தும் எழுந்து மேடைக்குப் போய், கேமராவைப் பார்த்து நின்று, தாளை விரித்தாள்.

"நான் இங்க திசுக்கூடத்துல வேலை பாக்கேன். எல்லாத் துண்டையும் தப்பான ஜாடியில போட்டது நான்தான். இது ஆபரேஷன் நடந்த தேதி. பேர் கிடையாது. கேட்டுக்கோங்க. மார்ச் ஆறு, நோய் இல்லை. மார்ச் பதினொன்று, நோய் இல்லை. மார்ச் இருபது, நோய் இல்லை. ஏப்ரல் மூன்று, நோய் இருந்தது. ஏப்ரல் பதினேழு, நோய் இல்லை."

"அம்மா, நிறுத்துங்க!" குலசேகரன் கத்தினார். அவள் நிறுத்தவில்லை. அவர் மேடையோரம் நின்ற காவலாளியைப் பார்த்து விரலை நீட்டினார். "அந்தத் தாளை வாங்குய்யா!"

காவலாளி ஆறடி ஆள். மருத்துவமனை வாசலில் தினமும் அவளுக்கு வணக்கம் சொல்பவர். தடதடவென்று மேடையேறி வந்து தாளை நோக்கிக் கையை நீட்டினார். பிரகாசி ஒரு கையால் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தாள்.

"மே எட்டு. நோய் இல்லை."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"மே எட்டா?"

"ஆமா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க யக்கா."

அவள் தாளை அவர் பக்கம் திருப்பி, விரலை அந்த வரியில் வைத்துக் காட்டினாள். அவர் அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். குலசேகரன் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். காவலாளி மெல்லத் திரும்பி, அவருக்கும் பிரகாசிக்கும் நடுவே வந்து கதவை அடைத்த மாதிரி நின்றார்.

"படிங்க" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "மிச்சப் பேரும் கேட்டுக்கிட்டுதான் இருப்பாவ."

பிரகாசி அடுத்த தேதியைப் படித்தாள்.